சாந்தாவின் பெட்டியும் மூணாவது போனும்

என் பொண்டாட்டி சாந்தகுமாரி எதையும் தூக்கிப் போடமாட்டா. முதல்லயே இதைச் சொல்லிர்றேன். டெல்லி ஜனக்புரியில எங்களுக்கு இருந்ததே ரெண்டு ரூம் வீடு. அதுல ஒரு அலமாரி முழுக்க காலி ஹார்லிக்ஸ் பாட்டில். கட்டிலுக்கு அடியில செருப்பு டப்பா, அறுந்த வயர், மூடி தொலைஞ்ச டிபன் கேரியர். "என்னைக்காவது ஆகும்ங்க"ம்பா. அந்த என்னைக்காவது என்னைக்குத்தான் வரும்னு நான் கத்துவேன். நான் கத்துறவன்தான். பேங்க் கவுண்டர்ல உட்கார்ந்து இருபது வருஷம் கத்தியிருக்கேன், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வருவேன். அவ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டா. சிரிச்சுக்கிட்டே இன்னொரு பாட்டிலைக் கழுவிக் கவுத்து வைப்பா.

அவ ராஜபாளையம். மில் சூப்பர்வைசர் மக. மதுரையில கணக்குல எம்.எஸ்சி. முடிச்சு, பரீட்சை எழுதி, டெல்லியில ஒரு சர்க்கார் லேபுல வேலைக்கு வந்தவ. நான் கோவில்பட்டி, பேர் ஜோதிலிங்கம். பொண்ணு பார்க்கப் போனப்ப எங்க அண்ணன், "பொண்ணு என்ன வேலைங்க பாக்குது?"ன்னு கேட்டாரு. அவங்க அப்பா முழிச்சாரு. "அது எங்களுக்கே தெரியாதுங்க. வெளியில சொல்லக் கூடாதாம்"னாரு. அண்ணன் என் காதுல குனிஞ்சு, "ஏல, சி.ஐ.டி. கி.ஐ.டி.யா இருக்கப் போறா, பாத்துக்கோ"ன்னாரு. கல்யாணமாகி பதினோரு வருஷத்துக்கு எனக்கும் அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. காலையில சார்ட்டர்டு பஸ்ல போவா, சாயங்காலம் ஒரு கை சாக்பீஸ் தூளோட வருவா.

இப்ப அவ ரிட்டையர் ஆயிட்டா. அவ லேபுல செஞ்ச பெட்டியும் எந்தப் பரண்ல கிடக்கோ. அதனால தைரியமா சொல்றேன்.

ரெண்டு ஊர்ல ரெண்டு ஆபீஸ்னு வைங்க. நடுவுல டெலிபோன் லைன். அதை யார் வேணா ஒட்டுக் கேக்கலாம். பேச்சைப் பூட்டி அனுப்பணும்னா ரெண்டு பக்கமும் ஒரே சாவி வேணும். சாவியை லைன்லயே அனுப்புனா கேக்குறவன் எடுத்துக்குவான். அதனால ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் தனக்குள்ள ஒரு ரகசிய நம்பரை உண்டாக்கி, அதை வச்சு ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் எதிர்ப் பெட்டிக்கு அனுப்பும். வந்த விடையோட தன் நம்பரைச் சேர்த்து இன்னொரு கணக்கு. ரெண்டு பக்கமும் ஒரே சாவி வந்து நிக்கும். நடுவுல கேட்டவன் விடையைத்தான் பார்த்தான், சாவி அவனுக்கு வராது. இதை சாந்தா கண்டுபிடிக்கல, வெளிநாட்டுல எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க.

"கணக்கு ரகசியம் காக்கும்ங்க. பெட்டி காக்காது" அப்படிம்பா. சாந்தாவோட வேலை அந்த இடத்துலதான். பெட்டி கணக்குப் போடுறப்ப கரண்டு இழுக்குதுல்ல? ஒரு இலக்கத்துக்கு அதிகமா இழுக்கும், ஒரு இலக்கத்துக்குக் குறைவா இழுக்கும், ஒண்ணுக்கு நேரமாகும், ஒண்ணு சட்டுனு முடியும். கில்லாடி ஒருத்தன் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். கரண்டு வயர்ல மீட்டரை மாட்டி ஏத்த இறக்கத்தைப் பார்த்தே உள்ள இருக்கிற நம்பரைப் படிச்சிருவான். எங்க மாடி வீட்டு பஞ்சாபி அம்மா எங்க குக்கர் விசிலை எண்ணியே, "இன்னைக்கு விருந்தாளியா?"ன்னு கேக்கும். அந்த மாதிரி.

அதுக்கு சாந்தா ரெண்டு காரியம் செஞ்சிருந்தா. எந்த இலக்கம் வந்தாலும் பெட்டி ஒரே அளவு வேலை பார்க்கணும், முகத்துல ஒண்ணும் காட்டக் கூடாது. அப்புறம், ஒவ்வொரு பேச்சுக்கும் புது ரகசிய நம்பர். ஒரு தடவைதான், உடனே அழிச்சிரணும். "எவ்வளவு அடைச்சாலும் ஒரு பொட்டு கசியத்தான் செய்யும். இன்னைக்குக் கசிஞ்சது நாளைக்கு உதவக் கூடாது, அவ்வளவுதாங்க"ன்னு சொல்லுவா. பாருங்க கூத்தை. வீட்டுல ஒரு பாட்டிலைத் தூக்கிப் போடாதவளுக்கு ஆபீஸ்ல தூக்கிப் போடுறதே தொழில்.

ரெண்டாயிரத்து ஒண்ணு ஆகஸ்ட் மாசம். அவ பதினோரு வருஷம் பாடுபட்ட பெட்டிக்கு புதன்கிழமை பரீட்சை. வெளியில இருந்து ஒரு பெங்காலி சார் வந்து சோதிப்பாரு, முன்கூட்டியே பார்த்து வைக்க அவருக்கு ஒரு பெட்டியைக் கொடுத்தாச்சு. தேறுனா நாடு முழுக்க ஆபீஸ்கள்ல இந்தப் பெட்டி. தேறலைன்னா வெளிநாட்டுப் பெட்டி வாங்கிருவாங்க, சாந்தாவோட பிரிவை மூடிருவாங்க, ஆறு பேரை ஆறு மூலைக்குத் தூக்கிப் போடுவாங்க. இவளை லைப்ரரியில போடுறதாப் பேச்சு. சோறு இறங்கல அவளுக்கு. எனக்கு வெள்ளிக்கிழமை ஒரு ஆபரேஷன். அதைப் பத்தி சாந்தாவைத் தவிர யார்கிட்டயும் நான் மூச்சு விடல. மூலம். பேங்க்ல தெரிஞ்சா ரிட்டையர் ஆகுற வரைக்கும் வச்சு ஓட்டுவானுங்க.

ஞாயித்துக்கிழமை காலையில அண்ணனுக்கு மட்டும் சொல்லுவோம்னு கிளம்பினேன். வீட்டு போன் நாலு நாளா செத்துக் கிடந்துச்சு. மார்க்கெட்ல ஒரு சர்தார்ஜியோட எஸ்.டி.டி. பூத். சாந்தாவும் காய்கறி வாங்க கூட வந்தா. பூத் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, அஞ்சு பேர் வரிசையில நிக்காங்க, கரண்டு வேற போயி கடைக்குக் கடை ஜெனரேட்டர் உறுமுது. நமக்கென்ன, தமிழ்லதானே பேசப் போறோம்? டெல்லித் தமிழன் எவனும் இப்படித்தான் நினைப்பான். பஸ்ல பக்கத்துல இருக்கவனை வைவான், கடைக்காரன் மூஞ்சிக்கு நேரா அவன் மூக்கைப் பத்திப் பேசுவான், எல்லாம் தமிழ் இருக்கிற தைரியம்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன்ணே!"ன்னு கத்துனேன். லைன் கட். மறுபடி போட்டேன். "ஆபரேஷன்ணே! மூலம்! மூலம்ணே!" மறுபடி கட். சர்தார்ஜி, "ஜல்தி கரோ பாய்சாப்"னு அவசரப்படுத்துறாரு. மூணாவது தடவை உசுரைக் கொடுத்து, "வெள்ளிக்கிழமை, திலக் நகர் பக்கம் ஆஸ்பத்திரி, மூல ஆபரேஷன், பயப்பட ஒண்ணுமில்ல, யார்கிட்டயும் சொல்லிராதீங்க!"ன்னு மூச்சு விடாம சொல்லி முடிச்சேன். அண்ணன் அந்தப் பக்கம், "சரிடே, சரிடே"ன்னாரு.

வேர்த்து விறுவிறுத்து வெளிய வாரேன். வரிசையில ரெண்டாவதா நின்ன ஒரு பொம்பளை, பச்சை சேலை, கையில துணிப்பை, ரொம்ப அக்கறையா என்னைப் பார்த்து, "அண்ணே, கருணைக்கிழங்கு மசியல் சாப்பிடுங்க. மூலத்துக்கு அதான் மருந்து. எங்க வூட்டுக்காரருக்கும் இருந்துச்சு"ன்னுச்சு.

பூமி பிளந்து என்னை முழுங்கியிருக்கலாம். அது பேரு பொன்னி. சின்னசேலம் பக்கத்து ஊரு, இங்க நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்குது, ஊருக்குப் பேச வந்திருக்கு. சாந்தா சிரிக்கல. அவ முகம் வேற மாதிரி ஆயிருச்சு. பொன்னி பக்கத்துல போயி, "முதல் தடவையே உங்களுக்குக் கேட்டுச்சா?"ன்னா.

"இல்லம்மா. இந்த டப்பா மிசின் சத்தத்துல மொதல்ல ஒண்ணும் புரியல. ரெண்டாவது வாட்டி ஆபரேசன்னு மட்டும் காதுல வுழுந்துச்சு. மூணாவது வாட்டி சொல்லும்போது எல்லாம் தெளிவாயிடுச்சு. ஒரே விசயத்தைத்தானே திருப்பித் திருப்பிச் சொல்றாரு?"

சாந்தா காய்கறிப் பையை அங்கயே கீழ வச்சுட்டா. தக்காளி உருண்டு ரோட்டுக்குப் போச்சு. நான் பொறுக்குறேன், அவ வீட்டைப் பார்த்து நடக்கா.

வீட்டுக்கு வந்து பார்த்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கா. என் ஆபரேஷன் பயம்னு நினைச்சு, "ஏட்டி, அது சின்ன ஆபரேஷன்தான்"னேன். "அது இல்லைங்க. நான் தப்பு பண்ணிட்டேன்"னா. பதினோரு வருஷத்துல முதல் தடவையா பெட்டியைப் பத்தி எல்லாத்தையும் என்கிட்ட சொன்னது அன்னைக்குத்தான்.

விஷயம் என்னன்னா, புது ரகசிய நம்பர் உண்டாக்க அந்தப் பெட்டிக்கு ஆறு ஏழு செகண்டு ஆகும். நம்ம ஊர் லைன் சும்மாவே அறுந்துபோகும். அறுந்த ஒவ்வொரு தடவையும் புது நம்பர்னா, எங்கயோ மலையில மழையில உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டர் பாவம், விடிய விடிய காத்துக் கிடக்கணும். இவ மனசு கேக்கல. போன வருஷம் ஒரு மாத்தம் பண்ணியிருக்கா. பேச்சு ஆரம்பிக்கு முன்னால லைன் அறுந்தா, பெட்டி அந்த நம்பரைத் தூக்கிப் போடாம வச்சிருக்கும். லைன் வந்ததும் அதே நம்பரை வச்சு மறுபடி கணக்கைப் போடும். ஹார்லிக்ஸ் பாட்டில் புத்தி! உண்டாக்குன நம்பரை வீணாக்குவானேன்னு எடுத்து வச்சிருக்கா.

"லைன் தானா அறுந்தாப் பரவாயில்லைங்க. திருடன் வேணும்னே அறுத்தா? ஆயிரம் தடவை அறுத்தா? ஆயிரம் தடவையும் என் பெட்டி அதே நம்பரை வச்சு அதே கணக்கைப் போடும். ஒரு தடவையில மீட்டர்ல வெறும் இரைச்சல்தான். ஆயிரத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்தா இரைச்சல் போயிரும், நம்பர் நிக்கும். அந்தம்மாவுக்கு மூணே தடவை போதும்னு ஆயிருச்சே!"

"இதை அந்த பெங்காலி சோதிப்பாரா?"

"சோதனை லிஸ்ட்ல இது இல்லை. லைன் அறுந்தா திரும்ப இணையுதான்னு மட்டும்தான் பார்ப்பாங்க. அது நல்லா இணையும்."

இப்ப நான் சொன்னதை மறைக்கக் கூடாது. "அப்ப வாயை மூடிக்கிட்டு இரு"ன்னேன். "புதன்கிழமை முடியட்டும். பேரை வாங்கு, அப்புறம் சத்தமில்லாம சரி பண்ணிக்கோ. உன் ஒருத்திக்கா, ஆறு குடும்பத்துக்கு வேலை"ன்னு கத்துனேன். சத்தியமா சொல்றேன், அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆனா சொல்லிட்டேன், இல்லைங்கல. அவ எந்திரிச்சு அலமாரியைத் திறந்து அந்தப் பாட்டிலையெல்லாம் பார்த்துக்கிட்டே நின்னா.

திங்கக்கிழமை காலையில நேரா அவங்க டைரக்டர் ஸ்ரீதர் ரூமுக்குப் போயிருக்கா. அவரும் நம்மூர்க்காரர்தான், தஞ்சாவூர்ப் பக்கம். "யாருமே அதைக் கேக்கப் போறதில்லையே சாந்தகுமாரி. லிஸ்ட்ல இல்லையே"ன்னு அவரும் என்னை மாதிரியே சொல்லியிருக்காரு. இவ, "லிஸ்ட்ல இல்லாததாலதான் சார் பயமா இருக்கு"ன்னிருக்கா. அந்த மனுஷன் பேப்பர்வெயிட்டை எடுத்து மேஜையில நங்குனு வச்சாராம். பத்து நிமிஷம் வசவு. அப்புறம் யார் யார்கிட்டயோ போன்ல கெஞ்சி, "வெள்ளிக்கிழமை. அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூடக் கிடையாது"ன்னாராம்.

வெள்ளிக்கிழமை! என் ஆபரேஷன் நாள். அன்னைக்கு சாயங்காலம் வந்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "உங்க ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்லட்டுமா?"ன்னா. எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. "மூணு மாசம் காத்திருந்து கிடைச்ச தேதி! நான் என்ன பச்சைப் பிள்ளையா, கையைப் பிடிச்சுக்க? போயி உன் பெட்டியைப் பாரு!"ன்னேன். கத்தித்தான் சொன்னேன். ஆனா முதல் தடவையா சரியான பக்கம் கத்துனேன்.

நாலே நாள். அதுக்குள்ள அவ வழி கண்டுபிடிச்சுட்டா. பெட்டி பகல் முழுக்க சும்மாதானே இருக்கு? அந்த நேரத்துல முன்கூட்டியே நம்பர்களை உண்டாக்கி வச்சிரும். லைன் அறுந்தா, கையில இருந்த நம்பரை அந்த நொடியே அழிச்சிட்டு, வரிசையில அடுத்ததை எடுக்கும். ஆபரேட்டரும் காத்திருக்க வேண்டாம், ஒரு நம்பரும் ரெண்டு தடவை வேலை பார்க்காது. சொல்றதுக்கு ரெண்டு வரி. அதை எழுதி, பெட்டியில ஏத்தி, மறுபடி முதல்ல இருந்து சோதிக்கிறதுக்குள்ள அவ கண்ணு ரெண்டும் குழி விழுந்துருச்சு.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் ஆட்டோ பிடிச்சு நான் தனியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீராப்பாத்தான் போனேன். அந்தப் பச்சைக் கவுனை மாட்டிவிட்டு, யாராவது கூட வந்திருக்காங்களான்னு நர்ஸ் கேட்டப்பதான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். முழிப்பு வந்தப்ப மத்தியானம். வலின்னா வலி, ஊரைக் கூட்டுற வலி. தண்ணி கேக்க வாயைத் திறக்கேன், ஒரு கை ஸ்பூன்ல தண்ணியை வைக்குது. பச்சை சேலை.

"நீ எப்படிம்மா இங்க?"

"நீங்கதானேண்ணே சொன்னீங்க? வெள்ளிக்கெழமை, திலக் நகர், ஆஸ்பத்திரின்னு. இங்க இருக்கிறதே ரெண்டு. மொத ஆஸ்பத்திரியில இல்லைன்னாங்க, இங்க வந்தேன். உங்க வூட்டம்மா அன்னைக்கு அப்படியே பேயடிச்ச மாதிரி போச்சா, மனசு கேக்கல. இன்னைக்கு ஒரு வூட்டுல லீவு சொல்லிட்டேன்." பையில இருந்து ஒரு டப்பாவை எடுத்து வச்சுச்சு. கருணைக்கிழங்கு மசியல். நர்ஸ் பார்த்துட்டு, "இதெல்லாம் இப்பக் கூடாது"ன்னு இந்தியில சத்தம் போட்டுச்சு. பொன்னி அதுக்கும் மேல இந்தியில சத்தம் போட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான் கத்துன கத்துல எனக்கு ஒரு ஆள் கிடைச்சிருந்துச்சு. கண்ணு கலங்கிருச்சு எனக்கு. வலியிலன்னு சொல்லிக்கிட்டேன்.

சாயங்காலம் ஆறரைக்கு சாந்தா வந்தா. வாசல்லயே நின்னுட்டா. முகத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியல, அவ பெட்டி மாதிரியே.

"என்னட்டி ஆச்சு? சொல்லித் தொலை!"

கட்டில் ஓரமா உட்கார்ந்தா. "காலையில எந்திரிச்சு நின்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேங்க. 'மூணு வாரம் முன்னால பார்க்கக் கொடுத்த பெட்டியில என் தப்பு ஒண்ணு இருக்கு, இது மாத்துன பெட்டி'ன்னு. அந்த சார் தலையை மட்டும் ஆட்டுனாரு. லிஸ்ட்டை ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டாரு. அப்புறம் அவர் பையில இருந்து சின்னதா ஒரு மிஷினை எடுத்து லைன்லயும், மீட்டரைக் கரண்டு வயர்லயும் மாட்டுனாரு. மிஷின் லைனை அறுக்கும், சேர்க்கும், அறுக்கும், சேர்க்கும். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும். ஸ்ரீதர் சாருக்கு முகமெல்லாம் வேர்த்துருச்சு. ரெண்டாயிரம் தடவைக்கு மேல."

"அப்புறம்?"

"ஒண்ணும் வரல. வெறும் இரைச்சல். தேறிருச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு."

நான் "அப்பாடா!"ன்னு போட்ட சத்தத்துல பக்கத்துக் கட்டில்காரன் எந்திரிச்சு உட்கார்ந்துட்டான்.

"இருங்க, முடியல. கிளம்புறப்ப ஒரு கவரை என் கையில கொடுத்தாரு. அரக்கு வச்சு ஒட்டுன கவர். திறந்தா, ஒரே ஒரு தாள்ல நீளமா ஒரு நம்பர். பழைய பெட்டிக்குள்ள இருந்த ரகசிய நம்பர். சோதனைக்குன்னு கொடுத்த அந்தப் பெட்டிக்கு மட்டும் நாங்க வச்சிருந்த பதிவுல ஒத்துப் பார்த்தேன், ஒரு இலக்கம் பிசகல. போன வாரமே லைனை அறுத்து அறுத்து எடுத்துட்டாராம். புதன்கிழமை நாங்க வாயைத் திறக்காம பழைய பெட்டியை வச்சிருந்தா, முதல்ல மேஜைக்கு இந்தக் கவர்தான் வந்திருக்குமாம்."

சொல்லி முடிக்கு முன்னால அவ உடைஞ்சு அழுதுட்டா. பதினோரு வருஷத்துல நான் பார்க்காத அழுகை. வாயை மூடிக்கிட்டு இருன்னு சொன்ன பாவி நான், அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். "தப்பிச்சுட்டோம்லட்டி. இப்ப எதுக்கு அழுகுற?"

"தப்பிச்சதுக்குத்தாங்க அழுகுறேன்."

பொன்னிக்கு ஒண்ணும் புரியல. முந்தானையை எடுத்து இவ முகத்தைத் துடைச்சு விட்டுச்சு. சாந்தா அந்தக் கை ரெண்டையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லலைன்னா நாங்க ஆறு பேரும் இன்னைக்கு நடுத்தெருவுல நின்னிருப்போம்"னா.

பொன்னி என்னைப் பார்த்துச்சு, அவளைப் பார்த்துச்சு. "நான் கெழங்குதானேம்மா சொன்னேன்?"ன்னுச்சு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்த ஆபரேஷன் ஆன அன்னைக்கே சிரிச்சவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். உசுரு போயி உசுரு வந்துச்சு. நர்ஸ் ஓடி வருது, சாந்தா அழுதுக்கிட்டே என் வாயைப் பொத்துறா, நிறுத்த முடியல என்னால.